மூன்று விநாடிக்கு மேல்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, ஏனென்றால் என் உத்தியோகமே அதுதான். எந்த மென்பொருள் எங்கே சுணங்குகிறது, எது யாருக்கும் தெரியாமல் தூங்கிவிட்டு வருகிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்பது என் மனைவியின் குறை. கடைக்காரர் சிரித்துப் பேசினால் நான் தராசைப் பார்ப்பேன். அது குணமா வியாதியா என்று அவள் அவ்வப்போது கேட்பாள்.

எங்கள் கம்பெனி செய்வது டோக்கன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே போனைத் தட்டி டாக்டருக்கு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். தட்டுகிறவருக்கு அது ஒரே வேலை. உள்ளே மூன்று படிகள். இவர் யார், ஏற்கனவே வந்தவரா என்று பார்ப்பது முதல் படி. எந்த டாக்டரிடம் எந்த நேரம் காலி என்று பார்த்து ஒதுக்குவது இரண்டாவது. டோக்கன் எண்ணைப் போனுக்கு அனுப்புவது மூன்றாவது. மூன்றும் எங்கெங்கோ இருக்கிற வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் ஓடுகின்றன. ஒவ்வொரு படியும் தான் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறித்து அனுப்பும். ஒரு டோக்கனுக்கான குறிப்புகளையெல்லாம் சேர்த்து, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகளாக வரைந்து காட்டினால் அதற்கு ட்ரேஸ் என்று பெயர். கோடு நீண்டிருந்தால் அந்தப் படி மசமசவென்று நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஆளை நம்பாதே, கோட்டை நம்பு என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

முதல் படிக்குப் பொறுப்பு என் தங்கையின் கணவர். அவரை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். சேர்ந்த முதல் வாரம் ஒரு மீட்டிங்கில் பழக்கதோஷத்தில், "மாப்ளே, அதைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து ஆபீஸ் மொத்தத்துக்கும் அவர் மாப்பிள்ளை. வாசல் காவலாளிகூட எழுந்து நின்று "வாங்க மாப்ள சார்" என்கிறார். இரண்டாவது படி என்னுடையது. ட்ரேஸ்களைச் சேமித்து வைப்பதும் என்னுடைய வேலைதான்.

வந்த வினை இது. ஒரு விநாடியில் வரவேண்டிய டோக்கன், சிலருக்குப் பத்துப் பதினைந்து விநாடி கழித்து வந்தது. பதினைந்து விநாடி பொறுக்கிற ஜனம் இப்போது எங்கே இருக்கிறது? மறுபடி தட்டினார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு டோக்கன் விழுந்தது. ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் ஒருவர் நாற்காலியைத் தூக்கிவிட்டாராம். எங்களிடம் இருப்பதிலேயே பெரிய ஆஸ்பத்திரி, மூன்று வாரத்தில் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டது. எங்கள் தலைமைப் பொறுப்பிலிருக்கிற மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"எந்தப் படி?"

போய்ப் பார்த்தேன். தாமதமான ட்ரேஸ் ஒவ்வொன்றிலும் முதல் படியின் கோடுதான் திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை படுத்துக் கிடந்தது. பதினொரு விநாடி, ஒன்பது, பதிமூன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. மூன்று வாரம் முடிகிற வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மீட்டிங், அதில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள் என்றார் மேடம். அந்த மீட்டிங்கில் மாப்பிள்ளையின் சீட்டுக் கிழியப் போகிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

சொந்தக்காரர் என்கிற முறைக்கு, அன்று மதியமே டீ மெஷின் பக்கத்தில் மாப்பிள்ளையை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோப்பையை ஊதிக்கொண்டே கேட்டார். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"லேட்டானதை மட்டும் பாத்தா எப்படி மச்சான்? ஒழுங்கா போனதையும் எடுத்துப் பாருங்க. எங்க வித்தியாசம்னு தெரியும்."

"ஒழுங்கா போனதைப் பாத்து என்ன மாப்ளே செய்யறது? மாலையா போடறது?"

"இல்ல மச்சான், என் படி இவ்வளவு மோசமா இருக்க வாய்ப்பில்ல."

"கோடு இருக்கு. கோட்டைத் தாண்டி நான் என்ன சொல்ல?"

அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். தப்புச் செய்கிறவன்தான் இப்படி அமைதியாகப் போவான் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகுதான் நாலு மணி விஷயம் கண்ணில் பட்டது. தினமும் நாலு அடித்தால் மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். திரும்பி வருவதே இல்லை. வேலை தலைக்குமேல் கிடக்கிறது, கோடு நீண்டு கிடக்கிறது, ஆள் நாலு மணிக்கு எங்கே போகிறார்? வேறொரு கம்பெனிக்குத் திருட்டுத்தனமாக வேலை பார்க்கிறாரா? அன்றிரவு தங்கைக்குப் போன் போட்டு, சும்மா விசாரிப்பது போல விசாரித்தேன்.

"வீட்டுக்கு எட்டு மணிக்குத்தாண்ணா வரார். மீட்டிங்னு சொல்றார். ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீ?"

என் தங்கையை நான் வளர்த்தேன் என்றே சொல்லலாம். அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. எதற்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். அதனால் நான் சொன்னேன். நாலு மணிக்குக் கிளம்பிவிடுகிறார் என்பதை மட்டும்தான் சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பதுதான் நிஜம்.

மீட்டிங் இருந்த வாரத்துத் திங்கட்கிழமை, பல்வலி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கு நானும் கிளம்பினேன். அவருடைய வண்டிக்குப் பின்னால் இரண்டு வண்டி இடைவெளி விட்டுப் போனேன். இந்த வயதில் இது தேவையா என்று எனக்கே இருந்தது, ஆனாலும் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. வண்டி நின்ற இடத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அதே பெரிய ஆஸ்பத்திரி. உள்ளே போனவர் நேராக ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் போய், அங்கே இருந்த பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும் அவளுக்கு. இரண்டு பேரும் ஒரே போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் உதட்டைப் பிரிக்காத மனிதர், வாய்கொள்ளாமல் சிரித்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்றேன். போதும் போதும் என்றாகிவிட்டது.

கண்ணால் பார்த்ததைத்தான் தங்கையிடம் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அவர்கிட்ட கேட்டேன். ஆபீஸ் வேலைன்னார். எந்த ஆபீஸ்னு கேட்டேன், வியாழக்கிழமை சொல்றேன்னார்" என்றாள்.

"வியாழக்கிழமை என்ன சொல்லப் போறாராம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"அதுவரைக்கும் பொய் தயார் பண்ண டைம் வேணும்ல" என்றேன் நான்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மறுபடி ஒரு தடவை அவர்கிட்ட நேரா கேளுங்களேன்" என்றாள். கேட்டால் சொல்லிவிடுவாரா என்று அவள் வாயை அடைத்தேன். தங்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பெட்டியின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவளுடைய ஆறு வருஷக் குடித்தனம் அந்தப் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பார்த்தாயா நான் நினைத்தது சரியாய்ப் போயிற்று என்று உள்ளே ஒரு ஓரத்தில் இனித்தது. இதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே ஆபீசுக்குப் போய்விட்டேன். மேடத்துக்குக் காட்டவேண்டிய படங்கள் எல்லாம் தயார். பத்து ட்ரேஸ், பத்திலும் மாப்பிள்ளையின் கோடு. ஆனால் ஒரு குறை தெரிந்தது. பக்கத்திலேயே ஒழுங்காகப் போன ஒரு டோக்கனின் ட்ரேஸையும் வைத்தால், இவருடைய கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும். பார்க்கிறவர்களுக்குச் சுருக்கென்று உறைக்கும். சரி, ஒரு நல்ல ட்ரேஸை எடுத்துப் போடலாம் என்று தேடினேன்.

கிடைக்கவில்லை. நேற்றையதில் தேடினேன், இல்லை. போன வாரத்தில் தேடினேன், இல்லை. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் டோக்கன் போகிறது. அதில் சில நூறு பேர்தான் தாமதம் என்று கத்துகிறார்கள். அப்படியானால் மிச்சமெல்லாம் ஒழுங்காகத்தானே போயிருக்க வேண்டும். அதில் ஒரே ஒரு ட்ரேஸ்கூடச் சேமிப்பில் இல்லை என்றால் என்ன கணக்கு? எவனோ கை வைத்திருக்கிறான் என்று என் மூக்கு வியர்த்தது. மாப்பிள்ளைதான் அழித்திருப்பார் என்றுகூட ஒரு நிமிஷம் ஓடியது.

எல்லா ட்ரேஸையும் வைத்துக்கொள்ள இடம் போதாது. அதனால் வருகிறவற்றைச் சலித்து, தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுவோம். அந்த விதிகள் எழுதிய கோப்புக்கு எங்கள் குழுவில் சல்லடை என்றே பெயர். சல்லடையைத் திறந்தேன். மொத்தம் ஒரே விதி இருந்தது. முதல் படி மூன்று விநாடியைத் தாண்டினால் அந்த ட்ரேஸை வைத்துக்கொள், மற்றதையெல்லாம் கழித்துவிடு.

யார் எழுதியது என்று பார்த்தேன். என் பெயர் இருந்தது. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. மாப்பிள்ளை சேர்ந்த புதிதில் அவருடைய படியில் ஒரு சின்னக் கோளாறு வந்தது. இவரைக் கொஞ்சம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று ஒரு வாரத்துக்காக நான் எழுதிய விதி. பக்கத்தில் "தற்காலிகம்" என்று குறிப்பு வேறு எழுதியிருந்தேன். கோளாறை அவர் இரண்டே நாளில் சரிசெய்துவிட்டார். விதியை எடுக்க நான் மறந்துவிட்டேன்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் படி தாமதமானால் மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வைத்திருப்பதிலெல்லாம் மாப்பிள்ளையின் படிதான் தாமதமாக இருக்கிறது என்று மூன்று வாரமாக ஊரைக் கூட்டியிருக்கிறேன். என் படியோ மூன்றாவது படியோ அரை மணி நேரம் படுத்துத் தூங்கியிருந்தால்கூட அது சல்லடையில் நின்றிருக்காது.

விதியை எடுத்துவிட்டேன். இடம் நிரம்பினால் நிரம்பட்டும் என்று எல்லாவற்றையும் வரவிட்டேன். காலை நேரம், டோக்கன் கொட்டுகிற வேளை. அரை மணி நேரத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ட்ரேஸ் வந்து குவிந்தது. அதில் தாமதமானவை பதினாலு. இரண்டில் மாப்பிள்ளையின் கோடு நீண்டிருந்தது. பன்னிரண்டில் நீண்டிருந்தது என் கோடு. ஒரே டாக்டரின் ஒரே நேரத்தை இரண்டு பேர் ஒன்றாகத் தட்டினால், என்னுடைய படி ஒருவரைப் பிடித்து நிறுத்திவைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து விநாடி விடுவிக்க மறந்துவிடுகிறது.

மணி பத்து நாற்பது. விதி எழுதிய கோப்பை மாப்பிள்ளையும் பார்த்திருக்க முடியும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பார்த்துவிட்டுத்தான் அமைதியாக இருக்கிறாரோ? மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என் குட்டை உடைக்கத்தான் வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்றாரோ? அப்போதும் என் புத்தி அங்கேதான் போயிற்று.

மீட்டிங் அறையில் ஆறு பேர் இருந்தோம். மாப்பிள்ளை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முழங்கைக்கடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. தங்கை இல்லாத வீட்டில் அவர் என்ன சாப்பிட்டாரோ என்று நினைத்ததும் எனக்கு அவமானமாக இருந்தது. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னோடது மேடம்," என்றேன். எழுதி வைத்திருந்தாற்போல எல்லாவற்றையும் சொன்னேன். சல்லடை, விதி, தேதி, பன்னிரண்டு, இரண்டு. "மூணு வாரமா நான் காட்டினது பூரா ஒரு பக்கம்தான். மாப்... இவர் படியில பெருசா ஒண்ணும் இல்ல. என் படியை இன்னைக்குள்ள சரி பண்ணிடறேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எதாவது சொல்லணுமா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். அவர் நோட்டின் மேல் கையை வைத்தபடி, "இல்ல மேடம். அவரே சொல்லிட்டார்" என்றார். மீட்டிங் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அவருடைய வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. என்னுடையதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார் மேடம்.

எல்லோரும் போனபின் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "அது என்ன நோட்டு மாப்ளே?" என்றேன். அவர் அதை மேசைமேல் என் பக்கம் தள்ளினார்.

"நீங்க கோட்டைத்தான் நம்புவேன்னீங்க. என்கிட்ட கோடு இல்ல. அதான் ஆஸ்பத்திரிலயே போய் உக்காந்து, நேரா வந்தவங்க யாராவது அங்கேயே போனைத் தட்டி டோக்கன் போட்டா கடிகாரத்தை வெச்சு எழுதினேன். தட்டின நேரம், வந்த நேரம். சாயங்காலம் நான் எழுதுவேன். காலைல அந்த ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு எழுதி வெச்சிருக்கும். டோக்கன் சண்டைல தினமும் திட்டு வாங்கறது அதுதான், அதுக்கும் இது சரியாகணும்."

பக்கங்களைப் புரட்டினேன். நல்லதும் கெட்டதுமாக வரிசை வரிசையாக நேரங்கள். அவருடைய கோழிக் கிறுக்கலுக்கு நடுவே முத்து முத்தாக இன்னொரு கையெழுத்து. ஒரு ஓரத்தில், "இவர் மூன்று தரம் தட்டினார், மூன்று டோக்கன், அப்பா சாமி" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். அதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள் போல.

"இதை எங்க வீட்ல சொல்லியிருக்கலாமே மாப்ளே. தங்கச்சிகிட்டயாவது."

"அவகிட்ட சொன்னா உங்களுக்கு வரும் மச்சான். உங்களுக்கு வந்தா, பாதில நிறுத்தியிருப்பீங்க. வியாழக்கிழமை முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நேத்து அவ ஆஸ்பத்திரிக்கு வந்தா. அந்தப் பொண்ணை, வரிசைல நின்னவங்க எல்லார் முன்னாடியும் கேக்கக்கூடாத கேள்வி கேட்டுட்டுப் போயிட்டா. அது அழுதுட்டே டோக்கன் போட்டுட்டு இருந்தது."

இது எனக்குத் தெரியாது. நேற்று சாயங்காலம் மருந்து வாங்கப் போகிறேன் என்றுதான் தங்கை வெளியே போனாள். நான் மூட்டிய தீ, நானே அணைக்கிறேன் என்று வேகமாகப் போனை எடுத்தேன். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

தங்கை எடுத்தாள். ஒரே மூச்சில் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, நாலு மணிக்கு அவர் போனது வேலைக்காக, அந்தப் பெண் அவருக்கு உதவி செய்திருக்கிறாள், அவ்வளவுதான், நோட்டு இப்போது என் கையில் இருக்கிறது, பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பு என்றேன். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"அண்ணா" என்றாள்.

"சொல்லும்மா."

"அந்த நோட்டுல அவ எழுதினது எத்தனை பக்கம்?"

"ஏழு" என்றேன்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். போனுக்குள் என் தங்கை, "ஏழா" என்றாள், பள்ளிக்கூடத்தில் மனக்கணக்குச் சொல்கிற குரலில். நான் அவசரமாக வேறென்னவோ சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மாப்பிள்ளை எழுந்து வந்து நோட்டை என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

"உங்க கைல குடுத்து ரெண்டு நிமிஷம்கூட ஆகல மச்சான்," என்றார். "அதுக்குள்ள எண்ணிட்டீங்க."